நூம்பல் சரண் இன்னும் ஆன்லைனில்

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் இது நடந்தது. ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னான்?

வெங்கட் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பியதும் இவன் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வான். வீடே பற்றி எரிந்தாலும் தெரியாது. அம்மா வனஜா நெஞ்சுவலிக்காரி. அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "ஒரே மேட்ச்மா" என்பான். அந்த ஒன்று எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது?

போதாக்குறைக்கு, சீனியர் சிவராமன் தன்னுடைய கேம் ஐடியையே தூக்கிக் கொடுத்துவிட்டான். பெரிய ரேங்க் உள்ள ஐடி. யாரும் சும்மா தரமாட்டார்கள். "எனக்கு வேணாம்டா, நீயே வச்சிக்கோ" என்றான். தலையில் புது மொட்டை. திருப்பதி போய்வந்து திருந்திவிட்டான் போல என்று வெங்கட் சிரித்துக்கொண்டான்.

அந்த ஐடியின் நண்பர்களில் ஒருவன் மட்டும் எப்போது பார்த்தாலும் ஆன்லைனில் இருந்தான். சரண். ஆவடியிலிருந்து தள்ளி, நூம்பல் என்கிற ஊர்க்காரனாம். நன்றாகத்தான் ஆடினான். ஆனால் வெங்கட்டை "சிவா" என்றே கூப்பிட்டான். நான் சிவா இல்லை, வெங்கட் என்று எத்தனை முறை சொன்னாலும் சிவாதான்.

அன்று மத்தியானம். ஆட்டம் கடைசிக் கட்டம். சரணின் மைக்கில் குக்கர் விசில் கேட்டது. பிறகு பாத்திரம் விழுந்தது... டங்... யாரோ முனகினார்கள்.

"மச்சான், உங்க ஊட்ல யாரோ வுழுந்துட்டாங்க போல கீது. போய்ப் பாருடா."

"எங்க ஊட்ல யாரும் இல்ல."

"அப்போ இன்னாடா சத்தம்?"

"நீ எழுந்துக்காத சிவா. ரேங்க் பூடும்."

குரலில் சிரிப்பு இருந்தது. வெங்கட்டுக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்போது சரணின் மைக்கில் சங்கு ஊதியது.

ஷிப்டு விடுகிற சங்கு. ஆவடி தொழிற்சாலைச் சங்கு. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அது நூம்பலில் எப்படி...?

அடுத்து ஒரு குரல். மெல்லிசாக.

"வெங்கட்டு... தண்ணி..."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். ஓடினான்.

அடுப்படியில் அம்மா.

தரையில்.

உதடு நீலம்.

பின்னால், கீழே கிடந்த ஹெட்போன் பேசியது.

"நீ எழுந்துட்டே சிவா... என்னை எழுந்துக்க வுட்டியா?"

வனஜா பிழைத்தாள், புண்ணியவதி. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே சிவராமனுக்குப் போன் போட்டான் வெங்கட். யார் அந்தச் சரண் என்று கேட்டான்.

"அவன் செத்து ஒரு வருஷம் ஆச்சுடா. ஆடிகினு இருக்கும்போது அவங்க அம்மா வுழுந்து கூப்ட்டாங்க. அவன் எழுந்துக்கப் பார்த்தான். நான்தான், 'எழுந்துக்காத, ரேங்க் பூடும்'னேன். அம்மா பூட்டாங்க. காரியம் முடிஞ்ச அன்னிக்கே அவனும் பூட்டான்."

வெங்கட்டுக்கு ரத்தம் கொதித்தது. "தெரிஞ்சேவா என் தலையில கட்டினே? நீ நல்லா இருப்பியாடா?"

சிவராமன் அழுதான். "உங்க அம்மா பொழச்சிட்டாங்க இல்ல?"

"பொழச்சிட்டாங்க."

"நான் மொட்டை அடிச்சது எதுக்குன்னு நெனச்சே? திருப்பதிக்கா?"