தொண்ணூற்றேழு போட்ட நாட்கள்

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் எங்கள் ஊர் காப்பாரிலிருந்து கிள்ளானில் உள்ள ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு என் மோட்டார் சைக்கிளில்தான் அழைத்துப் போகிறேன். காரில் ஏறினால் அவளுக்குக் குமட்டும். எனக்கு வேலை பிற்பகலில்தான், ஷா ஆலமில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுவது.

ஒரு சனிக்கிழமை வீடு திரும்பியதும் அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த மோட்டார் ரொம்ப ஆடுதுங்க. உடம்பே கழண்டு போற மாதிரி இருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை போதும். இனிமே வியாழக்கிழமை நான் வரல."

ஒரு தடவை தவறினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். அது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். "மோட்டார சரி பண்ணிடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

மெக்கானிக்கிடம் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடையில் எப்போதும் நாலைந்து பேர் உட்கார்ந்து கிண்டலடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நடுவில் நின்று என் மனைவியின் உடம்பைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வராது. பேசாமலே செய்யக்கூடியதாக ஒன்றுதான் தோன்றியது. எண்ணெய் நிலையத்தில் பெட்ரோல் 95, 97 என்று இரண்டு ரகம்; 95க்கு மஞ்சள் பிடி, 97க்குப் பச்சைப் பிடி. நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். பரீட்சை மார்க் மாதிரி, கூடுதல் எண் கூடுதல் நல்லது என்றுதான் நினைத்தேன். நல்ல எண்ணெய் போட்டால் எஞ்சின் அடங்கி ஓடும் என்று நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவளைப் பம்பின் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். 95 என்றால் மானிய விலைக்கு அடையாள அட்டையை நீட்ட வேண்டும். 97க்கு அட்டையும் வேண்டாம், மானியமும் கிடையாது. நான் மெல்லச் சொன்னது கவுண்டரில் இருந்த பெண்ணுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொல்லும்படி ஆயிற்று. பின்னால் நின்றிருந்தவர் சிரித்தார்.

"என்ன அண்ணே, இந்தச் சின்ன கப்சாய் மோட்டாருக்குத் தொண்ணூத்தேழா? ரேஸுக்குப் போறீங்களா?"

காது சுட்டது. பம்புக்கு வந்து பச்சைப் பிடியை எடுத்தேன்.

அன்று திரும்பி வந்ததும், "இன்னைக்குப் பரவால்லங்க" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. வியாழனும் வந்தாள். மூன்று வாரம் 97தான் போட்டேன். அதன் கூடுதல் விலைக்கு ஈடாக வழியில் காப்பிக்கு நிறுத்துவதை விட்டுவிட்டேன். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை வீட்டு வாசலில் இறங்கும்போது என் தோளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்க்கொண்டே, "வியாழக்கிழமை வேணாம்" என்றாள்.

மறுநாள் காலை மெக்கானிக் கடைக்குப் போனேன். நல்ல வேளையாக அவர் மட்டும்தான் இருந்தார். 97 போட்டதைச் சொன்னதும் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இதுக்குத் தொண்ணூத்தஞ்சே போதும்லா அண்ணே. நீங்க பாட்டுக்கு ஊத்துனா மோட்டாருக்குத் தெரியவா போகுது?"

மோட்டாரை எடுத்துக்கொண்டு சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தார். பிறகு பின் இருக்கையில் தானே உட்கார்ந்து என்னை ஓட்டச் சொன்னார்.

"ஒண்ணும் ஆடலையே. போறப்ப ஆடுதா, வர்றப்ப ஆடுதா?"

யோசித்துப் பார்த்தேன். காலையில் போகும்போது அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. "வர்றப்பதான்" என்றேன்.

"அதே மோட்டாரு, அதே எண்ணெய், அதே ரோடு. வர்றப்ப மட்டும் எப்படிண்ணே ஆடும்?"

அவர் காசு வாங்கவில்லை.

வியாழக்கிழமைக்கு அவளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. இந்த ஒரு தடவை வந்துவிடு, அப்புறம் உன் இஷ்டம் என்றேன். சுத்திகரிப்பு முடிந்து வெளியே வந்தபோது நல்ல வெயில். அவள் தடித்த ஜாக்கெட்டைக் கழுத்து வரை இழுத்து மூடியிருந்தாள். அதுவரை அது வெயில் படாமல் இருக்க என்றே நினைத்திருந்தேன். காப்பார் சாலையில் ஒரு பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். மோட்டார் அடங்கிவிட்டது. என் முதுகில் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் பற்கள் மோதிக்கொண்டிருந்தன.

"எத்தன நாளா?" என்றேன்.

"ரெண்டு மாசமா. சொன்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. அங்க போன அந்த அக்கா திரும்பி வரலையே." நிலையத்தில் முன்பு பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒருவரைச் சொன்னாள். பிறகு, "நீங்க பச்சைய எடுத்தத பாத்தேன். அதான் பரவால்லன்னு சொன்னேன்" என்றாள்.

உடனே மோட்டாரை நிலையத்துக்கே திருப்பினேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூன்று வருடமாக அந்த நிலையத்தின் வெளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தாதியிடம் வணக்கம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று உள்ளே போய் அவரிடமே, "மிஸ்ஸி, இவங்க முடிஞ்சதும் நடுங்கறாங்க. ரெண்டு மாசமா" என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

தாதி காய்ச்சல் பார்த்தார், ரத்தம் எடுத்தார், டாக்டருக்குப் போன் செய்தார். "ஏன்மா, வாரத்துக்கு மூணு நாள் என்னைய பாக்கறீங்க, ஒரு வார்த்த சொல்ல வேணாமா?" என்று அவளைக் கடிந்துகொண்டார். கிருமி எதுவும் இல்லை என்று இரண்டு நாளில் தெரிந்தது. குளிர்காற்று வீசும் ஏர்கோனுக்கு நேர் கீழே இருந்த அவள் கட்டிலை மாற்றினார்கள். டாக்டர் சொன்னபடி சுத்திகரிப்பு இயந்திரத்தின் சூட்டைக் கொஞ்சம் கூட்டினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை.

நடுக்கம் முழுதாகப் போய்விடவில்லை. சில நாள் வருகிறது. வந்தால் என் முதுகில் தட்டி, "நிறுத்துங்க" என்கிறாள். எங்காவது நிழலில் நிறுத்துகிறேன். தணியும் வரை இருவரும் மோட்டாரிலேயே உட்கார்ந்திருப்போம். தணிந்ததும் "போலாம்" என்பாள். அதன் பிறகு அவள் ஒரு வியாழக்கிழமையையும் விடவில்லை.