பதினேழு பேரும் வெளியே வர எத்தனை நிமிடம்

என் மச்சாளுக்கு எழுபத்தெட்டு வயது நிறைந்த வாரம், காலைத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "நான் முதியோர் இல்லத்துக்குப் போகப்போறன் புள்ள. எது நல்லதெண்டு நீதான் பாத்துச் சொல்லணும்."

அவர் என் கணவரின் அக்கா. முப்பது வருடங்களுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர். திருமணம் செய்யவில்லை. என் கணவர் காலமான பிறகு மட்டக்களப்பில் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவர் வோக்கரைப் பிடித்து நடந்தார். கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்துவது என் வேலை. அந்த வாரம் எனக்கே முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்திருந்தார்கள்.

நான் அழுதேன். அவரோ, "அங்க கேரம் போட் இரிக்குமா?" என்று கேட்டார். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த மாணவியைப் போல முகமெல்லாம் சிரிப்பு.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவள். கவனிப்பில்லாத இடங்களிலிருந்து வரும் முதியவர்களின் முதுகுப் புண்களைக் கழுவியிருக்கிறேன். வாசலில் பூஞ்சாடி வைத்திருக்கும் இடத்தில்தான் குதிக்கால் அழுகிக் கிடக்கும் என்று ஒரு காலத்தில் நம்பவே தொடங்கியிருந்தேன்.

முதலில் பார்த்த இல்லத்தில், பார்வையாளர் நாளில் மட்டும் வரச் சொன்னார்கள். நாங்கள் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டாவது இடத்தில் தரை முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கியது. மச்சாளின் வோக்கர் இரண்டு தடவை வழுக்கியது. படுக்கையில் இருந்த ஒரு அம்மாவின் தண்ணீர்க் குவளை, அவர் கை எட்டாத யன்னல் விளிம்பில் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். வெளியே வந்ததும் மச்சாள், "இது வேணாம்," என்றார்.

மூன்றாவது இல்லம் கடலுக்கும், முகத்துவாரத்தில் அதோடு சேரும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போய் இறங்கினோம். பொறுப்பாளர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். வெளிநாட்டில் ஒரு வீட்டில் நடக்க முடியாத முதியவரை எட்டு வருடம் பராமரித்துவிட்டு வந்தவர். முகத்தைச் சுளிக்கவில்லை.

"எங்க வேணுமெண்டாலும் போய்ப் பாருங்க மிஸ். சமையலறைக்கு மட்டும் செருப்பைக் கழட்டிட்டுப் போங்க."

நான் மூக்கால் தொடங்கினேன். சிறுநீர் நாற்றம் இல்லை. அதை மறைக்கும் வாசனைத் தெளிப்பும் இல்லை. அங்கிருந்த முதியவர்கள் பதினேழு பேரின் நகங்களையும் குதிக்கால்களையும் பார்த்தேன். மருந்து அலுமாரி பூட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. கழிவறையில் பிடிகம்பியை என் முழுப் பாரத்தோடு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஒரு கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த அழைப்பு மணியை அமத்திவிட்டு எண்ணத் தொடங்கினேன். இருபதுக்கு முன்னால் ஒரு பணிப்பெண் மாவுக் கையோடு ஓடி வந்தாள். நாங்கள் தேடிய இடம் கிடைத்துவிட்டதோ?

அப்போதுதான் கடல் இரைச்சல் காதில் விழுந்தது. சுனாமி வந்த அன்று நான் வார்டில் வேலையில் இருந்தேன். எத்தனை பேரைக் கொண்டுவந்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நான் பொறுப்பாளரிடம் கேட்டேன்: "எச்சரிக்கை வந்தா என்ன செய்வீங்க?"

"வேன் ஒண்டு இரிக்கு. எல்லாரையும் வாவிக்கரைப் பக்கம் கொண்டுபோவம்."

"எத்தின நிமிசம் எடுக்கும்?"

"தெரியா மிஸ். செஞ்சு பாத்ததில்ல."

"தெரியாட்டி இப்ப பாப்பமே," என்றார் மச்சாள்.

நான் அவரை முறைத்தேன். பொறுப்பாளர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "கறி இறக்க இன்னும் முக்கால் மணித்தியாலம் இரிக்கு," என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "சரி, செய்வம்!" என்றார்.

ஒரு நிபந்தனை வைத்தேன். ஒவ்வொருவர் காதருகிலும் போய், இது பயிற்சி, உண்மையில்லை என்று சொல்ல வேண்டும். இந்தக் கரையில் சுனாமி என்ற சொல்லை விளையாட்டுக்குச் சத்தமாகச் சொல்ல முடியாது. பணிப்பெண்கள் நால்வரும் அப்படியே சொன்னார்கள். மச்சாள் வராந்தாவில் கதிரை போட்டு, என் கைத்தொலைபேசியில் நேரத்தை ஓடவிட்டு, வகுப்புக்குக் குரல் கொடுப்பதுபோல, "தொடங்குங்க!" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் படபடப்பும் சேர்ந்தே வருகின்றன. வேன் இல்லை, கிளினிக்கில் மருந்து எடுத்துவரப் போயிருந்தது. படலையில் ஆமைப்பூட்டு. அதன் திறப்பு காவலாளியின் சட்டைப் பையில், எங்களை உள்ளே விட்டுப் பூட்டிய காவலாளி கடையில். ஒரு அறையில் அலுமாரி இடித்து, சக்கர நாற்காலி கதவால் வெளியே வர மறுத்தது. வாசலில் மூன்று படி. சரிவுப் பாதை இல்லை. ஒரு அம்மா தலை வாராமல் வரமாட்டேன் என்று சீப்பைத் தேடினார். இன்னொருவர் பாதி வழியில் கைப்பைக்காகத் திரும்பிப் போனார்.

"பத்து!" என்று கத்தினார் மச்சாள். "பதினஞ்சு! அந்தக் கதிரையப் பின்பக்கமா இறக்குங்க, முன்பக்கமா இல்ல!"

ஆனால் எல்லோருடைய முகமும் மாறிவிட்டிருந்தது. நாங்கள் வந்ததிலிருந்து ஒரு சொல் பேசாதவர்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் மட்டும் அசையவில்லை. யன்னலோரக் கட்டிலில் இருந்த, வாகரைப் பக்கத்து மீனவர். பொறுப்பாளர் முழந்தாளிட்டுக் கெஞ்சினார்.

"ஐயா, சும்மா பழகிப் பாக்கிறதான். எழும்புங்க."

"எங்க போறீங்க? வாவிக்கரைக்கா?"

"ஓம்."

"அப்ப நான் வரல்ல. அண்டைக்குக் கடலால மட்டுமா தண்ணி வந்த? முகத்துவாரத்தால உள்ள போய் வாவிப் பக்கத்தாலயும் ஏறின. நான் பாத்த. கரையில நிண்டவங்க ரெண்டுக்கும் நடுவில மாட்டின." அவர் யன்னலுக்கு வெளியே விரலை நீட்டினார். "அந்தா பள்ளிக்கூட மாடி. அங்க போறதெண்டா சொல்லுங்க, இப்பவே வாறன்."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பள்ளிக்கூட மாடிக்கே போவம் என்று பொறுப்பாளர் சொன்ன பிறகுதான் பெரியவர் சக்கர நாற்காலியில் ஏறினார். அவ்வளவு நாளும் அந்தப் பெரியவரிடம் அதை யாரும் கேட்டதேயில்லை.

கடைசி ஆள் படலைக்கு வர முப்பத்துநான்கு நிமிடம். அதுவும் படலை வரைக்கும்தான்.

நான் பொறுப்பாளரின் சாக்குப்போக்குகளுக்குக் காத்திருந்தேன். வேன் இருந்திருந்தால், காவலாளி இருந்திருந்தால் என்று தொடங்குவார் என நினைத்தேன். அவர் ஒரு கொப்பியை எடுத்து, வேர்வையைத் துடைக்காமலே எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "பத்து நாள் தாங்க மிஸ். நீங்க ரெண்டு பேரும் திரும்ப வந்து பாக்கணும்," என்றார்.

ஓட்டோவில் மச்சாளால் சும்மா இருக்க முடியவில்லை. "இந்த இடந்தான் புள்ள!"

"முப்பத்துநாலு நிமிசம் எடுத்த இடமா?"

"கேட்ட உடன செஞ்சு காட்டின இடம். வேற ஆர் செய்வாங்க?"

வார்டில் எத்தனை தணிக்கைகளைக் கண்டவள் நான். குறையை இப்படி வெயிலில் எடுத்துப் போட்டவரைக் கண்டதில்லை.

அந்தப் பத்து நாளும் எங்கள் வீடு போட்டிக்கு முந்திய மைதானம்போல இருந்தது. மச்சாள் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இல்லத்தின் அறைகளை வரைந்து, யார் யாரைத் தள்ளுவது என்று அம்புக்குறி போட்டார். பொறுப்பாளருக்குத் தினமும் அழைப்பு. நான் இரண்டு மாலைகள் போய், படுக்கையிலேயே இருக்கும் மூன்று பேரைக் கட்டில் விரிப்போடு நால்வர் சேர்ந்து தூக்குவது எப்படியென்று பணிப்பெண்களுக்குப் பழக்கினேன்.

இரண்டாவது தடவை, பாடசாலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் புதிய சீமெந்துச் சரிவு. திறப்பு படலைக்கு உட்புறம் ஆணியில். அலுமாரி இடம் மாறியிருந்தது. அயல் வீட்டுக்காரர் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சந்தியிலிருந்து மூன்று ஓட்டோக்கள் வரிசையில் நின்றன. மாடிக்குப் போகப் பாடசாலை அதிபரிடம் அனுமதியும் வாங்கியிருந்தார்கள்.

"தொடங்குங்க!"

முதலாவதாக வெளியே வந்தது வாகரைப் பெரியவரின் சக்கர நாற்காலி. "இடப்பக்கம், இடப்பக்கம், அந்த ஒழுங்கை குறுக்கு வழி!" என்று கையைக் காட்டியபடி போனார். விரிப்போடு தூக்கியவர்கள் நான் பழக்கியதுபோலவே ஒரே அடியில் நடந்தார்கள். தலை வாரும் அம்மா வாரிவிட்டே காத்திருந்தார். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த முழங்காலோடு நானும் அந்த ஒழுங்கையில் ஓடினேன். ஓடுகிறேன் என்பது பாடசாலை வாசலில்தான் எனக்கே தெரிந்தது.

மச்சாளைக் கதிரையோடு இரண்டு பேர் கடைசியாக மாடிக்குத் தூக்கி வந்தார்கள். தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, குரல் உடையக் கத்தினார்: "பதினாறு!"

மாடி முழுவதும் கைதட்டல். பொறுப்பாளர் பெயர்ப்பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக எண்ணிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அங்கிருந்து ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் தெளிவாகத் தெரிந்தன.

அடுத்த புதன்கிழமை மச்சாள் அங்கே குடிபோனார். என் முழங்கால் இப்போது சுகம். வாரத்துக்கு இரண்டு தடவை போகிறேன். சொல்லாமல்தான் போகிறேன், தண்ணீர்க் குவளைகளைப் பார்க்கிறேன், அழைப்பு மணியை அமத்துகிறேன். மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி நடக்கிறது. போன முறை என்னால் போக முடியவில்லை. பின்னேரம் மச்சாளே அழைத்தார்.

"பதினாலு எடுத்திருக்கம் புள்ள! புதுசா வந்த ஆள் ஒராள் இரிக்கார், கால் நல்லா நடக்கும், ஆனா சொன்னாக் கேக்கிறாரில்ல. அவர நான் பழக்கி எடுப்பன். வைக்கிறன், இஞ்ச எல்லாரும் கூப்பிர்றாங்க."