முள்ளிப்பட்டு அமாவாசையும் கடல் தாண்டிப் போன கேசட்டும்

முள்ளிப்பட்டுக்கு எப்படிப் போவது, எந்த நேரத்தில் போனால் பட்டு நெசவைப் பார்க்கலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வழி சொல்கிறேன். ஆனால் அந்த ஊர் என்றாலே எனக்கு எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் போன பயணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது, பக்கத்து வீட்டு டீச்சரம்மா பிழை பார்க்கிறார். நேரமும் தூரமும் என் தலைக்குள் இருப்பவை. அவற்றில் யாரும் பிழை பார்க்க வேண்டியதில்லை.

அப்போது ஆரணியில் எனக்கு விளம்பர வேலை. ஜட்கா வண்டியில் மைக்கைக் கட்டிக்கொண்டு சினிமா, ஜவுளித் தள்ளுபடி, குழாயில் தண்ணீர் வராத நாள் எல்லாம் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போவேன். நோட்டீசை யாராவது ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும், ஒரு வார்த்தை சிந்தாது.

அந்தத் தையில் எலேனா என்று ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் ஜனங்களில் ஒருவர். வேலூரில் ஒரு வருஷம் தங்கித் தமிழ் கற்றவர். ஊர் திரும்பியதும், தம் ஜனங்களிடம் செய்தியைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்று அந்த ஜனங்களின் பிள்ளைகளுக்கே கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறவர். மக்கள் தொடர்பு என்று அந்தப் படிப்புக்குப் பெயராம். பாடம் நடத்துவதற்கு முன் ஒரு தடவை தானே செய்து பார்க்க வேண்டும் என்று, முள்ளிப்பட்டில் நெசவாளருக்கு நடக்க இருந்த கண் பரிசோதனை முகாமுக்கு ஆள் சேர்க்கும் வேலையை ஏற்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டோம். ஐந்து கிலோமீட்டர். பஸ் என்றால் நாற்பது பைசா, கால் மணி நேரம். ஜட்காவில் முக்கால் மணி ஆகும். பாதி வழியில் அவராகவே சொன்னார்.

"என் அம்மா தையல் கம்பெனி. கண் டெஸ்ட் நோட்டீஸ் இங்கிலீஷ். அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும். டாக்டரிடம் போனபோது லேட். இப்போது அம்மாவுக்கு என் முகம் தெரியாது."

ஊர் எல்லை வந்ததும் நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

முள்ளிப்பட்டில் நான்கு தெருவும் சுற்றினேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, இலவசப் பரிசோதனை என்று இரண்டு மணி நேரம் சொன்னேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு தலைகூட வெளியே வரவில்லை. எலேனா முகம் சுருங்கிவிட்டது. "உங்கள் பாஷையில்தானே சொன்னோம்? ஏன்?" என்றார்.

அந்த ஊர்தான் என் மாமனார் ஊர். என் மனைவி ராஜேஸ்வரி தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"இன்னாயா, காலைலேர்ந்து கத்திகினு கீறியே, தொண்ட நோவல?"

"செவ்வாக்கெழம முகாமு. அத்தத்தான் சொல்லிகினு வர்றேன்."

"செவ்வாக்கெழம எவன் தறிய விட்டு எறங்குவான்? இந்த ஊர்ல தறி நிக்கறது அமாவாசைக்குத்தான். எட்டு வருசமா மாப்ளன்னு வந்து துன்னுட்டுப் போறியே, இது தெரியாது?"

தெரியும். அதுதான் நான் செய்த தப்பு. நோட்டீசைச் சொல்வதுதான் என் வேலை, அதைத் திருத்த நான் யார் என்று இருந்துவிட்டேன். படிக்காதவனுக்கு அச்சடித்த காகிதத்தின் மேல் ஒரு பயம் உண்டு.

எலேனா பையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். "மறுபடி சொல்லுங்கள்."

ராஜேஸ்வரி சிரித்துவிட்டாள். "இதப் போயி புடிக்கறீங்களே! அமாவாசைக்கு மாத்துங்கம்மா. இந்த மைக்க ஊட்ல கடாசிடச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குத் தெருவுல பாவு நீட்டுவாங்க. நூல இழுத்துப் புடிச்சிகினு பதினஞ்சு பேரு நிப்பாங்க. கைய எடுக்க முடியாது, எங்கயும் ஓட முடியாது. அப்ப பக்கத்துல போயி மெதுவா சொல்லச் சொல்லுங்க."

அன்று மதியமே எலேனா ஆரணிக்குத் திரும்பி டாக்டர்களிடம் பேசி முகாமை அமாவாசைக்கு மாற்றினார். மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறு மணிக்கு அங்கே இருந்தோம். தறியில் ஏற்றுவதற்காகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய அரக்கு நிறப் பட்டு நூல், அதுதான் பாவு. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துகொண்டே சொன்னேன்.

"மைக்கு எங்க மாப்ள, மாமனார் புடுங்கிட்டாரா?" என்றார் ஒரு பெரியவர். தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவரே தாழ்ந்த குரலில் கேட்டார்: "கண்ணாடி போட்டா கலரு மாறித் தெரியுமா? சேல தப்பாயிட்டா மொதலாளி திருப்பிடுவாரு." முதல் நாள் மைக் சத்தத்தில் யாரும் கேட்டிருக்க முடியாத கேள்வி. மாறாது என்று எலேனா விளக்கினார்.

அமாவாசை அன்று ஏழு மணிக்கே முகாம் நடந்த பள்ளிக்கூட வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. எலேனா ஒரு மரத்தடிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமெரிக்காவுக்குக் கிளம்பும் முன் எங்களிடம் வந்து, ராஜேஸ்வரி பேசியதைப் பதிந்த கேசட்டைக் காட்டி, "இவர்தான் என் மாணவர்களுக்கு முதல் டீச்சர். ஒரு காப்பி போட்டுத் தரட்டுமா?" என்றார்.

"எதுக்கும்மா? இந்தக் குரலத்தான் நான் தெனமும் கேட்டுகினு கீறனே" என்றேன். ராஜேஸ்வரி நூல் கண்டை என் மேல் வீசினாள்.

அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்குச் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது, மேலே பார்த்தீர்களே. குரல் மட்டும் வரமாட்டேன் என்கிறது. எங்கோ ஒரு கல்லூரியில், தமிழே தெரியாத பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள்.

போகிறவர்களுக்கு: ஆரணியிலிருந்து பஸ், ஷேர் ஆட்டோ இரண்டும் உண்டு. பாவு நீட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் சுருட்டிவிடுவார்கள். நூலைத் தொடாதீர்கள். கூட வருகிறவர் பேசுவதைப் போனில் கொஞ்சம் பதிந்துவையுங்கள். தறி ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அமாவாசையில் போக வேண்டாம். நான் அன்றைக்குத்தான் போகிறேன். சத்தமில்லாத அந்தத் தெருவில், அவள் நூல் சுற்றிய வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பன்னிரண்டு பத்து பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.