அக்காவை எழுதிக் கொடுத்தேன்

மூன்று ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய் எழுதக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் என்னிடம் ஒரு கதை இருந்தது. இப்போது இல்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். பருத்தி எடுத்தும், வெங்காயக் களத்தில் தாள் அரிந்தும் காலம் போய்விட்டது. முழங்கால் விட்டுப்போன பிறகு வேப்பந்தட்டை நூலகத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். வாரப் பத்திரிகைக் கதைகளைப் படிப்பேன். வீட்டுக்கு வந்து, பேத்தி எழுதி மிச்சம் விட்ட நோட்டில் நானும் எழுதுவேன். யாரிடமும் காட்டியதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் பெயரைக் கேட்டாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நூலகத்து அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஒருநாள் ஒரு நோட்டீஸை நீட்டினார். எழுத ஆர்வம் உள்ளவர்களுக்குப் பயிற்சி. முதல் வாரம் கதைப் போட்டி, இரண்டாவது வாரம் மேடைப் பேச்சு எழுதுவது, மூன்றாவது வாரம் வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதிப்பது.

"பணம் கெடையாதுங்க. மத்தியானம் சாப்பாடு வேற போடுறாங்களாம். புடிக்கலன்னா சாப்டுட்டு வந்துடுங்க" என்றார்.

நான் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அக்காவுக்காகப் போனேன்.

எங்கள் அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். என்னை வளர்த்தது அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். கூலி வாங்குகிற அன்று சந்தையில் வேர்க்கடலை வாங்கி வருவாள். கடலையை என் பாவாடையில் கொட்டிவிட்டு, பொட்டலம் கட்டின காகிதத்தைத் தன் தொடையில் வைத்து நீவி என் கையில் கொடுப்பாள். "படிடி."

படிப்பேன். நடுவில் காகிதம் கிழிந்திருக்கும்.

"பொறவு என்னாச்சு?"

"கிழிஞ்சிருக்குக்கா."

"அப்ப நாஞ் சொல்றேன் கேளு" என்று கண்ணை மூடிக்கொண்டு மீதியை அவளே சொல்வாள். ஒருமுறை வந்தது நிலம் ஏலம் விடுகிற அறிவிப்பு. அதைக்கூட அவள் விடவில்லை. ஏலத்தன்று விடியும்போது நிலத்துக்காரன் மஞ்சப் பை நிறையப் பணத்தோடு திரும்பி வந்து நிலத்தை மீட்டுவிட்டான் என்று முடித்து வைத்தாள். காகிதங்களை ஒரு பானையில் போட்டு வைத்திருந்தாள்.

அவளை அரியலூர்ப் பக்கம் கொடுத்தார்கள். சுண்ணாம்புக்கல் உடைக்கிற வேலை. ஒரே மகன். "படிக்க ஆளில்லாத ஊருக்கு வாக்கப்பட்டுட்டேன்டி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேச்சு குழறின பிறகும், மாத்திரை அட்டையை என் கையில் வைத்து, "படிடி, பொறவு என்னாச்சுன்னு படி" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

அக்காவுக்குப் படம் கிடையாது. ஓட்டு அட்டையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனோம். "மூக்கு எது வாய் எதுன்னே தெரியலம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் ஊரில் எல்லோருக்கும் நடக்கிற படத்திறப்பு அவளுக்கு நடக்கவில்லை. திறப்பதற்குப் படம் வேண்டுமே. அதனால்தான் அவளைக் கதையாக எழுதினேன். அவள் பெயர் ஒரு தடவை அச்சில் வரவேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறு. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. பாடம் நடத்திய சாருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. காகிதத்தின் ஒரு பக்கம் மட்டும் எழுதவேண்டும், கதைத் தாளில் பெயர் போடக்கூடாது, கூடவே ஓர் உறுதிமொழிக் கடிதம் வைக்கவேண்டும் என்றார். கரும்பலகையில் எழுதியும் போட்டார். இந்தக் கதை என் சொந்தக் கதை. இதற்கு முன் வேறெங்கும் வெளியாகவில்லை. அதன் கீழே கையெழுத்து.

துபாயிலிருந்து திரும்பி வந்த லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் முன் வரிசையில் இருந்தார். "சார், என் கதைய என் சம்சாரம்கூட படிக்க மாட்டேங்குது. எங்கேந்து வெளியாவுறது? தைரியமா கையெழுத்துப் போடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் முந்தானைக்குள் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கே அந்தக் கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டாவது ஞாயிறு கதையை எடுத்துப் போனேன். கொடுக்கத் தைரியம் வராமல், சாப்பாட்டு நேரத்தில் சார் மேசையில் வைத்துவிட்டுத் தூணோரம் போய் நின்றுகொண்டேன். அவர் படித்தார். சாதம் காய்ந்துபோகிற வரைக்கும் படித்தார். பிறகு நான் நின்ற இடத்துக்கே வந்தார்.

"இத பத்திரிகைப் போட்டிக்கு அனுப்புங்கம்மா. ஒரு எழுத்து மாத்தாதீங்க. சுத்தமா எழுதி அனுப்புங்க, போதும். மாசக் கடைசி வரைக்கும் டயம் இருக்கு."

வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மாசக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது.

அன்று பாடம் மேடைப் பேச்சு. இறந்தவரைப் பற்றிப் பேச எழுதினால், நல்லவர் வல்லவர் என்று அடுக்காதீர்கள், ஒரு சின்னச் சம்பவம் போதும் என்றார் சார். முடிக்கும்போது இறந்தவர் சொன்ன ஒரு வார்த்தையோடு முடித்தால் கூட்டம் கண் கலங்கும். எழுதிக் கொடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியக்கூடாது, அதுதான் இந்தத் தொழிலின் முறை என்றும் சொன்னார்.

வகுப்பு முடிந்து கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயதிருக்கும். அரியலூர்க்காரி. நல்ல வசதி என்பது பார்த்தாலே தெரிந்தது.

"பெரியம்மா, சார் ஒங்க கதையப் படிச்சுட்டுக் கண்ணத் தொடச்சத நான் பாத்தேன். எங்க மாமியாருக்கு வர்ற வெள்ளிக்கெழம படத்தொறப்பு. நான் பேசணுமாம். எங்க வூட்டுக்காரரோட கட்சிக்காரங்கல்லாம் வருவாங்க. எனக்கு ஒரு வரி வரல. நீங்க எழுதித் தாங்க பெரியம்மா."

முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். என்னால் ஆகாது என்று சொல்ல இந்த வயதிலும் வாய் வருவதில்லை.

"ஒங்க மாமியாரப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"நல்லவங்க."

"என்னா செய்வாங்க?"

"டிவி பாப்பாங்க."

"அதுக்கு முன்னாடி? சின்ன வயசுல?"

"கஷ்டப்பட்டு வந்தவங்கன்னு சொல்லுவாங்க. நான் கேட்டுக்கிட்டதில்ல."

"கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"திருச்சில ஐசியூவுல வச்சுட்டாங்க. யாரையும் உள்ள வுடல." ஈரக் கையை உதறிக்கொண்டே, "இருவது வருசம் ஒரே வூட்ல இருந்திருக்கேன் பெரியம்மா. பாருங்க, ஒண்ணுமே தெரியல எனக்கு" என்றாள். கண் நிறைந்துவிட்டது. பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை உட்கார்ந்தேன். நல்லவர் என்று எழுதினேன். உழைத்தவர் என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. சின்னச் சம்பவம் ஒன்று வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த சம்பவம் எல்லாம் ஓர் ஆளுடையதுதான்.

பேச்சுதானே என்று நினைத்தேன். மைக்கில் பேசினால் காற்றோடு போய்விடும், பந்தலைப் பிரித்ததும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கடலைப் பொட்டலத்தை எழுதினேன். தொடையில் வைத்துக் காகிதத்தை நீவினதை எழுதினேன். ஏல அறிவிப்பை எழுதினேன். எனக்குப் பதிலாக அவர்கள் மகன் படித்துக் காட்டியதாக மாற்றினேன். முடிவுக்கு ஒரு வார்த்தை வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் சொன்னதாக, மாத்திரை அட்டையையும் கொடுத்துவிட்டேன். பேத்தி போனில் படம் பிடித்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கட்சிக்காரர்கள் கூட்டத்தில் எனக்கு என்ன வேலை.

மூன்றாவது ஞாயிறு அந்தப் பெண் இரண்டு பையோடு வந்தாள். ஒன்றில் எவர்சில்வர் டப்பாக்கள், மூடியில் மாமியார் பெயர் வெட்டினது. இன்னொன்றில் நினைவு மலர். வழவழப்பான தாளில் அட்டைப்படத்தோடு அச்சடித்த புத்தகம். எல்லோருக்கும் ஒன்று கொடுத்தாள். நடுப்பக்கத்தில் அவள் பேசின பேச்சு முழுவதும் இருந்தது. தலைப்பு பெரிய எழுத்தில்: கடலைப் பொட்டலம். கீழே அவள் பெயர்.

"நீங்களே எழுதினதாம்மா?" என்று துபாய்க்காரர் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள். என் பக்கம் பார்க்கவில்லை.

சார் படித்தார். பாதியில் நிமிர்ந்து என்னைத் தேடினார். நான் குனிந்துகொண்டேன். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

"பேச்சுதானே சார்னு நெனச்சேன். அச்சு போடுவாங்கன்னு தெரியாது."

"கதைய அனுப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. பாதிதான் சுத்தமா எழுதிருக்கேன்."

நெற்றியைத் தேய்த்தார். "இனிமே அனுப்ப முடியாதும்மா. வெளியாகலன்னு கையெழுத்துப் போட முடியாதுல்ல. அப்படியே அனுப்புனாலும், இந்த மலரப் பாத்த ஒருத்தர் கையில போச்சுன்னா, நீங்கதான் அவங்ககிட்டேந்து எடுத்துட்டீங்கன்னு ஆயிடும்."

"வேற மாதிரி மாத்தி எழுதுனா?"

"எத மாத்துவீங்க?"

பொட்டலத்தை எடுத்துவிட்டால் அக்கா இல்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு கடிதம் வாங்கினால் வழி உண்டா பார்க்கலாம் என்று சார் சொன்னார். அவள் பக்கத்தில் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க வூட்டுக்காரரு அன்னிக்கி மேடைலயே அழுதுட்டாங்க. நான் காயிதம் படிச்சது எனக்கு மறந்தே போச்சுடீன்னு சொல்றாங்க. ரெண்டு நாளா அம்மா படத்தயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க."

அப்படி ஒன்று நடக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அந்த மகன். அவரே அழுதுவிட்டார். நான் என்ன கேட்பேன். டப்பாவை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அன்றைய பாடத்தில் சார், விற்ற எழுத்துக்குப் பின்னால் போகக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு, வேறு எதையோ சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அக்கா மகன் வந்தான். லோடு ஆட்டோ வைத்துக்கொண்டு பந்தல் சாமான் ஏற்றுகிறான். பூலாம்பாடியில் ஒரு காதுகுத்துக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் எட்டிப் பார்த்தான். டீயைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்தான்.

"சின்னம்மா, போன வெள்ளிக்கெழம அரியலூர்ல ஒரு படத்தொறப்புக்குப் பந்தல் போட்டோம். அந்தம்மாவப் பத்தி மருமவ பேசுச்சு பாரு. சேர் அடுக்க வந்த பயலுவோல்லாம் அழுவுறானுவோ. நானே அழுதுட்டேன்னா பாத்துக்கயேன்." சட்டைக்குள்ளிருந்து அந்த மலரை எடுத்தான். மடித்து மடித்துக் கசங்கியிருந்தது. "கடலை கட்டுன காயிதத்தப் படிக்கச் சொல்லிப் புள்ளைய ஆளாக்கிருக்கு. தாயின்னா அப்படி இருக்கணும்."

"அது ஒங்கம்மாடா" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே காதில் விழுந்தது.

அவன் சிரித்தான். "ஆமா, ஒனக்கு மழ பேஞ்சாலும் ஒங்கக்கா, வெயிலடிச்சாலும் ஒங்கக்கா."

"நெசமாடா. நாந்தான் எழுதிக் குடுத்தேன்."

"நீயா?" புத்தகத்தைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தான். "இங்க பாரு, பேரு போட்டுருக்கு. அவங்க எங்க, நீ எங்க. ஏன் சின்னம்மா, வயசானா இப்படியெல்லாமா தோணும்?"

"ஒங்கம்மா எனக்கு அப்படித்தான்டா படிக்க..."

"எங்கம்மாவா? நான் எட்டாவதோட நின்னப்ப, ஏன்டா நின்னன்னு ஒரு வார்த்த கேக்கல அது. கல்லு ஒடச்சுட்டு வரும், திங்கும், படுக்கும். அதப் போயி குத்தம் சொல்லல. அதுக்கு என்னா தெரியும், பாவம்."

டீயைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"எனக்கும் ஆசதான் சின்னம்மா. ஒரு வருசமாச்சும் அம்மாவுக்கு நாலு பேரக் கூப்ட்டு இந்த மாரி பேசச் சொல்லணும்னு. ஆனா பேச என்னா இருக்கு, சொல்லு?"

இருந்ததையெல்லாம் அவன் கையிலேயே வைத்திருந்தான்.

"இத நீ வச்சுக்க, நீதான் படிப்ப" என்று மலரைக் கொடுத்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று வண்டியை எடுத்தான்.

இரண்டு நாள் கழித்து மாசக் கடைசி. தபால் பெட்டி எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது. மத்தியானம் வந்து திறந்து எடுத்துப் போனார்கள். வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்து நோட்டைப் பிரித்தேன். உறுதிமொழிக் கடிதம் இருந்தது. என் சொந்தக் கதை, வேறெங்கும் வெளியாகவில்லை, அடியில் என் கையெழுத்து. கிழிக்க மனசு வரவில்லை. கதையையும் கடிதத்தையும் சேர்த்து மடித்தேன். வீட்டில் எலி போகாத இடம் அந்த எவர்சில்வர் டப்பா ஒன்றுதான். அதற்குள் வைத்து மூடினேன். மூடியில் அந்த அம்மாவின் பெயர் இருக்கிறது.