சத்தம் புகாத அறை

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேராசிரியர். "அளந்து பார்க்காம எதையும் நம்பாதீங்க" என்று மாணவர்களைக் கரித்துக் கொட்டியே பேர் வாங்கியவன். எனக்கே, அதுவும் பட்டப்பகலில் நடந்தது இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஒன்பது வயதுச் சிறுமி. மூளைக்காய்ச்சலில் உயிர் பிழைத்தாள், இரண்டு காதும் போய்விட்டது என்று அழைத்து வந்தார்கள். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உள்காது எலும்பாக இறுகிக்கொண்டே வரும். சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்து கருவி பொருத்தாவிட்டால், பிறகு எப்போதும் முடியாது. அதற்குமுன் காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்தாக வேண்டும்.

சத்தம் புகாத அறையில் அவளைத் தனியாக உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினோம். ஒலி கேட்டால் அவள் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே என் மேஜையில் விளக்கு எரியும்.

ஒலி கொடுத்தேன். எரிந்தது. குறைத்தேன். எரிந்தது. எனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்தேன்... எரிந்தது.

"நல்லாவே கேக்குதேம்மா. அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?"

"பின்னாடி நின்னு கத்தினாலும் திரும்ப மாட்டேங்கிறா டாக்டர்." அவளுடைய அம்மா அழுதுவிட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாக என் கையைப் பார்த்துச் சமாளிக்கிறாளோ? திரையை இழுத்து மூடினேன்.

எரிந்தது.

ஹெட்போன் ஒயரையே பிடுங்கினேன். இனி உள்ளே ஒரு சத்தமும் போகாது. ஒலி கொடுக்கும் விசையைத் தட்டினேன்.

எரிந்தது.

உள்ளே போனேன். எப்படித் தெரிகிறது என்று சைகையில் கேட்டேன். தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"பின்னாடி நிக்கிற அக்கா தட்டுறாங்க."

அவள் நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டிக் கிடந்தது.

அவளைத் தூங்கவைத்து, மூளைக்குப் போகும் நரம்பையே சோதித்தோம். இரண்டு காதும் சுத்தமாகச் செத்திருந்தன. மறுவாரமே அறுவை சிகிச்சை செய்தேன்.

புண் ஆறியதும், கருவியின் வெளிப்பாகத்தைக் காதில் மாட்டி இயக்கினோம். அம்மா கூப்பிட்டார். திரும்பினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அழுதேன்.

அளவெடுக்க மறுபடி அதே அறை. கதவைச் சாத்தினோம்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை...

கருவியைப் பிடுங்கி எறிந்தாள்.

"அந்த அக்கா கத்துறாங்க... கதவைத் திற, கதவைத் திறன்னு..."

அன்று மாலை, ஓய்வுபெற்ற பழைய டெக்னீஷியனுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி சார். மிஷினை செக் பண்ண ஒரு பொண்ணு உள்ள போச்சு. கதவு மூடிக்கிச்சு. அப்போ உள்பக்கம் கைப்பிடி கிடையாது. நாலு நாள் லீவு முடிஞ்சு வந்துதான் திறந்தோம்."

சிறுமி இன்றுவரை கருவியை மாட்ட மறுக்கிறாள்.

மாட்டினால், வீட்டிலும் கேட்கிறதாம்.