லேமினேஷன் போட்ட நாய்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மச்சான் ஒரு லீவுக்கு வந்தபோது கொடுத்தது அது. பழைய கார்ட்டூன் ஸ்டுடியோ ஒன்றில் படம் பிடிக்கக் கையால் வரைந்த கண்ணாடித்தாள், கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக். அதில் ஒரு நாய், நாலு காலும் அந்தரத்தில் இருக்க ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அது கண்சிமிட்டும் நேரம்கூடத் தெரிந்திருக்காது.

குன்னம் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தும் எனக்கு, சோழர்களைவிட அந்த ஸ்டுடியோக்களின் கதைதான் அத்துப்படி. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால்கூட, நந்தியைக் காட்டிவிட்டு நாய்க்கு வந்துவிடுவேன். கோடு போடுகிறவர் ஒருவர். தாளைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் நிரப்புவது வரிசையாக உட்கார்ந்த பெண்கள், அவர்கள் பெயர் திரையில் வராது. படம் பிடித்து முடிந்ததும் பல ஸ்டுடியோக்கள் தாளைக் கழுவி மறுபடி பயன்படுத்தின, மிச்சத்தைக் குப்பையில் போட்டன. "அந்தப் பாவிகளிடமிருந்து தப்பி வந்த நாய் இது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அவர்கள் காபி ஆறிப்போகும். என் மனைவி அதை மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவருவாள்.

போன மாதம் அரியலூரில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். "பஸ்ஸுல கொண்டு போவணும், மழை வேற. அதுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்று இரண்டு நாள் புலம்பினேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்திரமாக வைக்கவேண்டிய எதற்கும் எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான். சாதிச் சான்றிதழ், ஜாதகம், குலசாமி படம், எல்லாவற்றுக்கும் லேமினேஷன் போட்டுவிடுவோம். மகளின் மார்க் ஷீட்டோடு நாயும் மனைவியின் பையில் ஏறி, எனக்குத் தெரியாமல் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனது. சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்தபோது தாள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. வண்ணம் இளகி, நாயின் வயிறு வாலோடு போய்ச் சேர்ந்திருந்தது.

"கலரு கொஞ்சம் எளகிடுச்சுங்க. ஆனா இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்று வீட்டுக்கு வந்து நீட்டினாள் மனைவி, பாதி பயத்தோடு.

"ஒண்ணும் தெரியாதவங்க கையில கெடச்சா இப்படித்தான்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். மறுநாள் காலையில் இட்லி மட்டும் மேஜைக்கு வந்தது, அவள் வரவில்லை.

கல்லூரியில் அந்த நாயைத்தான் தூக்கிக் காட்டினேன். சிரித்தார்கள். பெயர் தெரியாமலே போன அந்தப் பெண்களைப் பற்றி நான் உருகி உருகிப் பேசியதும் கை தட்டினார்கள். திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. ஸ்டுடியோக்காரர்கள் வேண்டாம் என்று அழித்தார்கள். இவள் காப்பாற்றப் போய் அல்லவா அழித்திருக்கிறாள்! எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "நான் கத்துனது தப்புதான்" என்றேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "அது போவட்டுங்க. உங்களுக்கு அது உசுருன்னுதான் கொண்டுபோய்ப் போட்டேன். எனக்கு உசுரா இருக்கறதுல ஒண்ணையாச்சும் நீங்க இந்த மாதிரி பாத்து வெச்சிருக்கீங்களா?"

எந்த ஸ்டுடியோ எப்போது மூடியது என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். அவளுக்கு உசுரானது எது என்று நின்ற இடத்திலேயே யோசித்தேன். ஒன்றுகூடத் தெரியவில்லை.