ஒரு வாரத்துக்கு வந்த ஆம்ப்

அந்த வீணைப் பதிவில் ஏழாவது நிமிடத்தையொட்டி ஓர் இடம் உண்டு. வாசிப்பவர் கம்பியை ஒரே ஒரு முறை மீட்டுவார். அந்த ஒலி அடங்குவதற்குள் கம்பியை இழுத்து இழுத்து நான்கைந்து சுரங்களை அதிலிருந்தே எடுத்துவிடுவார். கடைசிச் சுரம் வரும்போது ஒலி கிட்டத்தட்ட இல்லை. பித்தளை மெட்டின் மேல் விரல் உரசும் சின்னக் கீச்சும், பிறகு அவர் மூச்சை விடுவதும் கேட்கும். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் அந்த மூச்சுக்காகவே அதைத் தினமும் கேட்டிருக்கிறேன். மகள் பிறந்த பிறகு அது எனக்குக் கேட்கவே இல்லை.

அப்போது தி. நகரில் பெண்கள் விடுதி ஒன்றில் இருந்தேன். ஓர் அறைக்கு மூன்று பேர். ஜன்னலுக்குக் கீழே ஒரு துணிக்கடையின் ஒலிபெருக்கி, தள்ளுபடி தள்ளுபடி என்று ஒரே குரலில் சாயங்காலம் முழுக்கக் கத்தும். முதல் வேலையில் சேர்த்த பணத்தில் காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினேன். அதைப் போனில் நேராகச் செருகினால் முனகும். நடுவில் ஒலியைக் கூட்டித் தரும் ஓர் ஆம்ப் இருந்தால்தான் அதற்கு வலு வரும் என்றார்கள். மறு வருஷம் சோப்பு டப்பா அளவில் ஓர் ஆம்ப் வாங்கினேன். இரண்டையும் மாட்டிக்கொண்டு கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால், மூன்று பேர் அறை எனக்கு மட்டுமான அறையாகிவிடும்.

இப்போது மயிலாப்பூரில் இரண்டாவது மாடி. மகளுக்கு இரண்டு வயது. வேலையை விட்டுவிட்டேன். மத்தியானம் அவள் தூங்கும் நேரத்தில் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அதே பதிவைப் போடுவேன். அதே ஹெட்போன், அதே டப்பா. ஆனால் வீணை ஏதோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல இருக்கும். ஏழாவது நிமிடம் வரும், போகும். மூச்சு வராது.

ஆம்ப் பழசாகிவிட்டது என்று முடிவு செய்தேன். மகளுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டே இன்னொரு கையால் போனில் விமர்சனங்களைப் படித்தேன். விலை கூடிய ஆம்ப் வாங்கிய எல்லோரும் பழைய பாட்டில் புதிய ஒலிகள் கேட்பதாக எழுதியிருந்தார்கள். எனக்குப் புதியது எதுவும் வேண்டாம். பழையது ஒன்று திரும்ப வந்தால் போதும். அதற்கு ஒரு ஃப்ரிட்ஜின் விலை கொடுக்கலாமா? மகளின் ஸ்கூல் அட்மிஷன் வரப்போகிறது. வேலைக்குப் போகாதவள் இப்படி ஆசைப்படலாமா? கேட்டால் கணவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அதனாலேயே கேட்கத் தயங்கினேன்.

அடையாறு பக்கம் கடலை ஒட்டிய ஒரு சந்தில், கல்யாணங்களுக்கு சவுண்ட் சர்வீஸ் செய்யும் ஒரு தம்பி, பழைய ஹெட்போன்களும் ஆம்ப்களும் வாங்கி விற்பதாக ஆன்லைனில் பார்த்தேன். போனில் பேசியபோது, கேட்டுப் பார்த்து வாங்கலாம், உங்க பழைய ஆம்பையும் எடுத்துக்கினு வாங்க என்றார். கோபாலபுரத்திலிருந்து நாத்தனாரை வரச் சொல்லி மகளை விட்டுவிட்டு, பேங்கில் ஒரு வேலை என்று பொய் சொல்லிப் புறப்பட்டேன்.

சின்ன வீடு. முன்னறையில் ஆள் உயர ஸ்பீக்கர்கள் நின்றன. அவற்றுக்கு நடுவே அவருடைய அம்மா தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. உங்க ஆம்ப கொண்ணாந்தீங்களா?"

"இவன் வெச்சிகிற பொட்டிங்கள வித்தா மீன் புடிக்கிற போட் ரெண்டு வாங்கலாம்மா" என்றார் அந்த அம்மா, என்னை முதல்முறை பார்க்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல்.

"வாங்குனா யாரு ஓட்றது? நீயா?"

"ஏன், ஓட்ட மாட்டனா நானு?"

அவர் சிரித்துக்கொண்டே என் ஆம்பையும், விற்க வைத்திருந்த பெரிய ஆம்பையும் ஒரு ஸ்விட்ச் பெட்டியோடு இணைத்தார். மிட்டாய்க் கடையின் ஒரு கிலோ டப்பா அளவில் இருந்தது பெரியது. ஏதோ ரீங்காரத்தை ஓடவிட்டு, மீட்டர் வைத்து அளந்து, இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்.

"ஒண்ணுல சத்தம் துளி ஜாஸ்தியா இருந்தாலும் காது அதத்தான் நல்லா கீதுன்னு சொல்லும்க்கா. அப்புறம் எது ஓடுதுன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதுனா பெருசுதான் புடிக்கும்."

நான் என் ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஒண்ணு, ரெண்டு என்று மட்டும் சொல்லி மாற்றினார். ஒன்றைக் கேட்டேன். இரண்டைக் கேட்டேன். ஏழாவது நிமிடத்தை இரண்டிலும் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டிலும் வீணை பக்கத்து வீட்டில்தான் இருந்தது.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குப்பா" என்றேன். இவ்வளவு பெரிய பெட்டியிலும் அது இல்லை என்றால் வேறு எங்கே போய்த் தேடுவது? ஒருவேளை என் காதுதான் போய்விட்டதா? பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டவில்லையா, அதுபோல?

"இன்னாம்மா, ஒத்தக் காதுல கேட்டுக்கினு கீற?"

அந்த அம்மா இறால் பிடித்த கையாலேயே என் வலது பக்கத்தைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. இடது கையால் தடவிப் பார்த்தேன். என் வலது கட்டைவிரல் ஹெட்போனின் வலது மூடியைத் தூக்கி, காதுக்குப் பின்னால் தள்ளிப் பிடித்திருந்தது.

"அந்தக் காதுல வலியா?"

"இல்லையே."

"ஊட்ல கைக்கொயந்த கீதா?"

"ரெண்டு வயசுங்கம்மா."

"அதான். இவன் சின்னப் புள்ளையா இருக்கசொல்ல எனக்கும் அப்டித்தான். மார்க்கெட்ல மீன் வித்துக்கினு இருப்பேன், எந்தப் புள்ள அழுதாலும் இவன் அழுவுற மாதிரியே இருக்கும். இங்க உன் புள்ள இல்லம்மா. காத மூடு."

"பத்து நிமிசமா ஒத்தக் காதுலயா டெஸ்ட் பண்ணீங்க?" பின்னாலிருந்து மகன் சிரித்தார். "நான் பின்னாடி நின்னுக்கினு இருந்தேன், பாக்கலக்கா."

மூடினேன். இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி மூடினேன். அவர் மறுபடி ஓடவிட்டார். வீணை எதிரில் வந்து உட்கார்ந்தது. அந்த ஒற்றை மீட்டல். இழுப்பு, இன்னும் ஓர் இழுப்பு. கீச்சு. பிறகு அந்த மனிதர் மூச்சை விட்டார்.

கண் நிறைந்துவிட்டது. "இதுதான்" என்றேன். "இதுதான் பெரிய ஆம்ப்."

அவர் முன்னால் வந்து ஸ்விட்சைப் பார்த்தார். "அது உங்களுதுக்கா."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தட்டு ஆடியது. "போச்சு போ! உன் யாவாரம் போச்சு நைனா."

அவருக்குக் கோபமில்லை. இப்போது இரண்டு காதாலும் ஒழுங்காகக் கேளுங்கள் என்று மறுபடி மாற்றி மாற்றிப் போட்டார். பெரியதில் வித்தியாசம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். தாழ்ந்த சுரங்களின் மந்தரக் கம்பி இன்னும் திடமாக நின்றது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள அமைதி இன்னும் சுத்தமாக இருந்தது. ஆனால் காதைக் கூர்மையாக்கித் தேடினால்தான் பிடிபடும் வித்தியாசம். அதற்கு அந்த விலை தகுமா? வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டும் என்றும் வரவில்லை. இவ்வளவு நேரம் இவரை வேலை வாங்கிவிட்டோமே என்று வேறு இருந்தது.

"எடுத்துக்கினு போயி ஒரு வாரம் ஊட்ல வெச்சிக் கேளுங்க. புடிக்கலன்னா கொண்ணாந்து குடுங்க. மைலாப்பூர் எங்க ஓடிடப்போவுது?"

அந்த வாரம் பெரிய ஆம்ப் எங்கள் படுக்கையறை அலமாரியில், மகளின் துவைத்த துணிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் அவள் தூங்கியதும் எடுத்தேன். இரண்டு காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் போகாது, வலது கை மேலே வந்திருக்கும். எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். அன்று வீணைக்குள்ளிருந்தே அவள் அழுகை கேட்டது. கழற்றிப் பார்த்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். வெள்ளிக்கிழமை எப்படியோ ஐந்து நிமிடம் தாண்டிவிட்டேன். கண்ணைத் திறந்தபோது மகள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, கூப்பிடவில்லை. சும்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரமாக நின்றாளோ. கூப்பிட்டு எனக்குத்தான் கேட்கவில்லையோ. அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை கீழே விடவில்லை.

அன்று துணி எடுக்கப்போன கணவர் பெட்டியைப் பார்த்துவிட்டார். பேங்க் பொய்யிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓ, பேங்க்ல இப்ப இதெல்லாம் குடுக்கறாங்களா?" என்றார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, "புடிச்சிருந்தா வாங்கிடேன். இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை?"

"பொட்டி வேணாங்க." அதற்கு மேல் சொல்ல வரவில்லை. ஒரு பொருளைக் கேட்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம் பாப்பாவ வெளிய கூட்டிட்டுப் போறீங்களா? நான் வரல. வீட்ல இருக்கேன்."

"அவ்ளோதானா? இதுக்கு ஏன் கிட்னி கேக்கற மாதிரி கேக்கற?"

ஞாயிற்றுக்கிழமை பையில் தண்ணீர், பிஸ்கட், மாற்று உடை, தொப்பி, துடைக்கும் துணி எல்லாம் வைத்தேன். எது எதில் இருக்கிறது என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தேன். கணவர் சீட்டைப் படித்துப் பார்த்து, "பார்க்குக்குத்தானே போறோம், ஊட்டிக்கா?" என்றார். மகள் தோளிலிருந்து கையாட்டினாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அழவில்லை.

கதவைச் சாத்தினேன். முதலில் என் பழைய ஆம்பை மாட்டினேன். பதினோரு நிமிடப் பதிவு. முதலிலிருந்து கடைசிவரை இரண்டு காதாலும் கேட்டேன். கை மடியிலேயே இருந்தது. ஏழாவது நிமிடத்தில் அந்தக் கட்டில், அந்தச் சுவர், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத அந்தப் பெண், எல்லோரும் வந்து என்னோடு உட்கார்ந்தார்கள். அவள்மேல் எனக்கு அப்படியோர் ஏக்கம். எழுந்து போய்விடாதே, இன்னும் கொஞ்சம் இரு என்று கெஞ்சலாம்போல் இருந்தது.

முடிந்ததும் பெரியதை மாட்டினேன். ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாவது நிமிடத்தில் கழற்றிவிட்டு பால்கனிக்குப் போனேன். இன்னும் நாற்பது நிமிடம் எனக்கு மிச்சமிருந்தது. தெருமுனையைப் பார்த்தபடி நின்றேன். காய்கறி வண்டிக்காரர் போனார், ஒரு ஸ்கூட்டர் போனது. விடுதியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களில், எனக்கென்று ஒருவர் இப்படித் தெருமுனையில் திரும்பி வரமாட்டார்களா என்று நான் ஏங்கியதும் அப்போது நினைவுக்கு வந்தது. அவர்கள் வந்தார்கள். மகள் தொப்பியைத் தொலைத்துவிட்டிருந்தாள்.

மறுநாள் மகளையும் அழைத்துக்கொண்டு அடையாறு போய் ஆம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எது நல்லா இருந்துதுக்கா?"

"பெருசுதான் நல்லா இருக்கும்னு நினைக்கிறேன். அதுல ஒரு தடவ கூட முழுசா கேக்கல."

அவர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "இவுங்க இஸ்கூலுக்குப் போகட்டும்க்கா. அப்ப காலைல பூரா உங்க டைம்தான? வாங்க, இதவிட நல்லதா காட்றேன்."

நியாயமான யோசனைதான். ஆட்டோ பாலத்தின் மேல் ஏறும்போது, அவள் ஸ்கூலில் சேரும் ஜூனுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த ஜூன் மாதம் சீக்கிரம் வரவேண்டும் என்று இருந்தது. மடியில் மகள் காற்றுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். வண்டிச் சத்தத்தில் விழவில்லை. குனிந்து அவள் வாயருகில் காதைக் கொடுத்தேன். அவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டபோது, அந்த ஜூன் வராமலே இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.